ஈரல் யார் வீட்டுக்கு

ஆவணி 6

துப்பாக்கி உரிமம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு அல்ல, சுவருக்கு அந்தப்பக்கம், கொழுந்தனார் வீட்டுக்கு.

மனு எழுதியது நான். காட்டுப்பன்றி மலையிலிருந்து இறங்கிக் கடலைக்காட்டை உழுதுபோடுகிறது, பயிரைக் காப்பாற்ற ஊருக்கு ஒரு துப்பாக்கியாவது வேண்டும் என்று முத்து முத்தாக எழுதி, இவரிடம் கையெழுத்து வாங்கி உடுமலைக்கு அனுப்பினேன். ஊர்ப் பெரியதனக்காரர் படித்துப் பார்த்து, இந்த மேட்டுவலசில் இப்படி எழுத வேறு யாருக்கு வரும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கடைசியில் தாசில்தார் விசாரணைக்கு வந்தபோது, தம்பிக்காரர் பட்டாளத்தில் இருந்தவர், சுடத் தெரிந்தவர் என்று திருமூர்த்தி பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். இவர் சிரித்துக்கொண்டே வந்து சொல்கிறார்.

"தம்பிகிட்ட இருந்தா என்ன, நம்மகிட்ட இருந்தா என்ன புள்ள. பன்னி செத்தாச் சரி."

இவருக்கு எதுவும் உறைக்காது. அண்ணன் இருக்கத் தம்பிக்குக் கொடுத்தால் ஊர் என்ன நினைக்கும் என்றுகூடத் தோன்றவில்லை. எருமை இன்றைக்குப் பாலை அடக்கிக்கொண்டது.

ஆவணி 9

துப்பாக்கியைக் கொழுந்தனார் சம்சாரம் மயிலாத்தாள் பொட்டு வைத்து, அவர்கள் ஆசாரத்தில், முன்கூடத்துச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். ஊரே போய்ப் பார்க்கிறது. நானும் போனேன். போகாவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும். ஒற்றைக் குழல். கட்டையில் கீறல் வேறு இருக்கிறது.

"வாங்க்கா, உக்காருங்க. காப்பி வெக்கட்டுங்களா" என்றாள் என் ஓரகத்தி. அவள் எப்போதும் இப்படித்தான், குரலை உயர்த்தவே மாட்டாள். இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்து எவ்வளவோ காலம் கழித்து வந்தவள், அந்த அடக்கத்தாலேயே மாமியார் இருந்தவரை நல்ல பெயர் வாங்கிக்கொண்டாள். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆவணி 21

நேற்று ராத்திரி ஒரு வெடி கேட்டது. விடிந்து பார்த்தால் அவர்கள் வாசலில் ஒரு பெரிய ஆண் பன்றி கிடக்கிறது.

சுட்டவர் வீட்டு வாசலில்தான் கூறு போடவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். வீட்டுக்கு ஒரு கூறு, எல்லாம் ஒரே அளவு. ஈரல் மட்டும் கூறில் சேராது. அதை யாருக்குக் கொடுப்பது என்பது சுட்டவர் வீட்டுப் பெண்பிள்ளை இஷ்டம். ஈரல் போகிற வீடுதான் அன்றைக்கு மரியாதைப்பட்ட வீடு.

பனையோலையை விரித்துக் கூறு வைத்தார்கள். மயிலாத்தாள் நின்று ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நானும் போசிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, ஊர்ப் பெண்களோடு பெண்ணாக, அவள் வாசலில் நின்றேன். மூத்தவள் நான். ஈரல் பெரியதனக்காரர் வீட்டுக்குப் போனது. சரி, அது போகட்டும். கூறையாவது எனக்கு முதலில் கொடுத்திருக்கலாம். பெட்டிக்கடைக்காரர் வீட்டுக்கு அடுத்தபடியாக என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, போசிய இப்படிக் குடுங்க. நீங்க எதுக்கு நின்னுட்டு, நானே கொண்டாந்திருப்பேனே."

கொண்டுவந்திருப்பாளாம். அப்புறம் ஏன் கொண்டுவரவில்லை?

கறி வேகவே இல்லை. கிழட்டுப் பன்றி, ஒரே நார். இவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆவணி 22

பெரியதனக்காரர் சம்சாரம் கிணற்றடியில் ஈரல் வறுவலைப்பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். மிளகு தூக்கலாகப் போட்டாளாம்.

புரட்டாசி 4

இன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் கறி தொடுவதில்லை. புரட்டாசி மாதம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் மாதம் முடிந்தும் தொடப்போவதில்லை.

கிணற்றடியில் பேச்சு வந்தபோது சொன்னேன். போன வாரம் கொழுந்தனார் சுட்டது சினைப் பன்றி. வயிற்றில் குட்டியோடு ஒரு உயிரைச் சாய்த்துவிட்டு, அதைக் கூறு போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிறோமே, நம்மில் எத்தனை பேர் வயிற்றில் பிள்ளையைச் சுமந்தவர்கள் என்று கேட்டேன். அதுகள் நம் காட்டுக்கு வரவில்லை, அதுகள் இருந்த இடத்தில்தான் நாம் கடலை விதைத்தோம் என்றும் சொன்னேன். இதெல்லாம் எனக்குள் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. பேசப்பேச வந்துகொண்டே இருந்தது.

எல்லாரும் கயிற்றை இழுக்காமல் நின்றுவிட்டார்கள். சரசாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. மயிலாத்தாளும் குடத்தோடு ஓரமாக நின்று கேட்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பதில் இருந்தால்தானே சொல்வாள்.

புரட்டாசி 5

நான் பேசியது இவர் காதுக்கு வந்திருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குள்ள இத்தன எரக்கம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே புள்ள. சின்ன வயசுல கோழி அறுக்கறதப் பாத்தாலே நானும் ஓடிப்போயிருவேன். எல்லாரும் சிரிப்பாங்கன்னு அப்பறம் பழகிட்டேன். இனி நானும் கறி திங்கல."

ஆக, வீட்டில் கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்தாயிற்று. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

புரட்டாசி 19

பன்றிப் பல்லை வெள்ளியில் கட்டி மயிலாத்தாள் தன் பையன் கழுத்தில் போட்டிருக்கிறாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்கின்றன. என் மகள் பரிமளமும் நின்றாள். இழுத்துக்கொண்டு வந்து முதுகில் ஒன்று வைத்தேன்.

இந்த வருஷம் எங்கள் கடலைக்காட்டில் பன்றி இறங்கவில்லை. நல்ல மழை, மலையிலேயே தீனி கிடைத்திருக்கும்.

புரட்டாசி 27

அவர்கள் அடுப்பிலிருந்து தாளிக்கிற வாசனை சுவரைத் தாண்டி வருகிறது. கதவைச் சாத்தினேன். சாத்தினாலும் வருகிறது.

ஐப்பசி 2

கடலை முற்றி வருகிறது. அறுவடைக்கு முன்னால் மலையடிவாரத்தில் ஆட்களை நிறுத்தி, மந்தையைச் சுற்றி வளைத்துச் சுடவேண்டும் என்று கொழுந்தனார் ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். இவர் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மொதல்ல மலைல செறுத்தை இருந்துச்சுங்க. குட்டிகளப் புடிச்சுத் திங்கும், பன்னி ஒரு அளவுல நிக்கும். ஜீப்புல வந்தவிய எல்லாம் தோலுக்காகச் செறுத்தையச் சுட்டுப்போட்டாங்க. இப்ப பன்னி பெருகிப்போச்சு. அந்த வேலைய நாமதான் செய்யோணும். எனக்கும் ஆசையில்லீங்க."

ஆசையில்லையாம். ஆசையில்லாதவர் பையன் கழுத்தில் பல்லை ஏன் கட்டுகிறார்?

மலை மாகாளியம்மனுடையது. அங்கே எந்தப் பெரிய காரியத்துக்கும் அம்மனிடம் பூக் கேட்கவேண்டும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோவில் கிணற்றில் போட்டுவிடவேண்டும். அம்மன் சொல்லாததைப் பார்க்க நமக்கு உரிமையில்லை. பொட்டலம் கட்டுவது பூக் கேட்கிற வீட்டின் மூத்த மருமகள். அந்த ஒரு மரியாதை இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஐப்பசி 5

பூக் கேட்டார்கள். சிவப்பு வந்தது.

பெரியதனக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, அம்மன் மறுபடி சொல்லும்வரை மலையிலும் சரி, காட்டிலும் சரி, யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாச்சம்மா அன்னிக்கே சொன்னா என்று சரசாள் சத்தமாகவே சொன்னாள். மயிலாத்தாள் வேர்த்துப்போய் நின்றாள். மற்ற பொட்டலத்தை அவள் கையில் கொடுத்து, போய்க் கிணற்றில் போட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். இன்றைக்கு அந்த வேலையாவது அவள் செய்யட்டும்.

காலையில் பூப் பறிக்கப் போனபோது வாசலில் நந்தியாவட்டை பூத்துத்தான் இருந்தது. செவ்வரளி மட்டும் பறித்து வந்தேன். இதைப்பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை.

ஐப்பசி 6

துப்பாக்கிக்கு மேல் துணியைப் போட்டு மூடியிருக்கிறாள். நல்ல தூக்கம் தூங்கினேன்.

ஐப்பசி 11

பன்றி இறங்கிவிட்டது. எங்கள் காட்டில் மேல்பக்கம் முழுக்க வேரோடு கிளறிப் போட்டிருக்கிறது. ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தேன், காய் ஒன்றுகூட இல்லை. மழை நன்றாகத்தான் பெய்தது. மலையில் தீனி இல்லையோ என்னவோ.

ஆண்கள் எல்லாரும் ஒட்டுக்காகச் சேர்ந்து காவலுக்குப் போகிறார்கள். தகரம் தட்டுகிறார்கள், பந்தம் கொளுத்துகிறார்கள். கொழுந்தனாரும் தடியோடு போகிறார். பட்டாளத்தில் இருந்த மனுஷன் அம்மன் வாக்குக்குக் கட்டுப்பட்டுத் தடியைப் பிடிக்கிறார் பார் என்று ஊர் அவரையே மெச்சுகிறது. துப்பாக்கி இருந்தாலும் மெச்சுகிறார்கள், இல்லாவிட்டாலும் மெச்சுகிறார்கள்.

ஐப்பசி 17

கொழுந்தனாரைப் பன்றி குத்திவிட்டது. எங்கள் காட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தபோதுதான். இவருக்கு முதுகுவலி என்று இவர் முறைக்கு அவர் போயிருந்தார். தொடை கிழிந்து எலும்பு தெரிந்ததாம். வண்டி கட்டி உடுமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், மயிலாத்தாளும் கூடப் போயிருக்கிறாள். பையன் என்னோடு இருக்கிறான். சோறு ஊட்டினேன், இரண்டு வாய் வாங்கிக்கொண்டு அம்மா எங்கே என்றான்.

ஊர் முழுக்க அவர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போகிறது. எனக்குப் போன வருஷம் காய்ச்சல் வந்தபோது ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை.

இன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது, அதனால் இருக்கும்.

ஐப்பசி 22

கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். நடப்பார், ஆனால் காலை இழுத்துத்தான் நடப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் பார்க்கப் போனேன்.

"வாங்க நங்கையா" என்று அண்ணன் சம்சாரத்துக்குரிய மரியாதையோடு கூப்பிட்டார் கொழுந்தனார். "உங்க காடு தப்பிச்சுதுங்களா?"

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பெரியதனக்காரர் மறுபடி பூக் கேட்கலாம் என்கிறார். ஒரு ஆள் ரத்தம் சிந்தியாயிற்று, அம்மன் மனசு இளகியிருக்கும் என்கிறார். வெள்ளை வந்தால், தம்பி எழுந்து நடமாடும்வரை துப்பாக்கி அண்ணன் கையில் இருக்கட்டும், உரிமம் யார் பேரில் இருந்தால் என்ன, ஊருக்காகத்தானே என்கிறார்.

அண்ணன் கையில்.

ஐப்பசி 24

நந்தியாவட்டை கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தது. இரண்டு பொட்டலத்துக்கும் தாராளமாகப் போதும்.

வெள்ளை வந்தது. இந்தத் தடவை மற்ற பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டேன்.

இவர் மட்டும் வீட்டுக்கு வந்ததும், "எரக்கம் எரக்கம்னயே புள்ள, இப்ப நான் போய் எப்படிச் சுடறது" என்று கேட்டார். உங்கள் தம்பி தொடையைப் பார்த்தீர்களா, அந்தப் பன்றிக்கு இரக்கம் இருந்ததா என்று கேட்டேன். மாட்டைக் கட்டப் போய்விட்டார்.

ஐப்பசி 26

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். துப்பாக்கி எங்கள் ஆசாரத்தில் மாட்டியிருக்கிறது, நல்ல ஆணியாகப் பார்த்து அடித்தேன். குளித்துவிட்டு வந்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

ஐப்பசி 29

இன்றைக்கு எங்கள் வாசலில் கூறு.

விடியுமுன்னே எழுந்து வாசல் தெளித்தேன். பனையோலையை நானே கழுவி விரித்தேன். யாரை முதலில் கூப்பிடுவது, யாரைக் கடைசியில் கூப்பிடுவது என்று ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். மயிலாத்தாளைப் பெட்டிக்கடைக்காரர் வீட்டுக்கு அடுத்தபடியாகக் கூப்பிடுவதாக இருந்தேன்.

பன்றியைப் புரட்டிப் போட்டார்கள். தாய்ப் பன்றி. மடிக்காம்பெல்லாம் பருத்து, பால் கசிந்து, மண்ணில் கறை படிந்திருந்தது. குட்டிகள் காட்டோரம் கத்திக்கொண்டே நின்றன, விரட்டினாலும் போகவில்லை என்று இவர் சொன்னார். சொல்லிவிட்டு மாட்டுத் தொண்டுப்பட்டிப் பக்கம் போய் வாந்தி எடுத்தார்.

கிணற்றடியில் நான் பேசினேனே, அன்றைக்கு எந்தச் சினைப் பன்றியையும் நான் பார்த்திருக்கவில்லை. யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு பேசினேன். இன்றைக்குத்தான் பார்க்கிறேன். போசியோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு பெயரையும் விடவில்லை. ஈரலைப் பெரியதனக்காரர் வீட்டுப் போசியில் போட்டேன்.

மயிலாத்தாள் பெயரைச் சொன்னபோது அவள் அங்கே இல்லை. அவளுடைய போசி எங்கள் சுவர்மேல் கவிழ்த்து வைத்திருந்தது.

சாயங்காலம் அவளே வந்தாள். நான் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தேன். எவ்வளவு ஊற்றினாலும் அந்தப் பால் வாடை போகவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

கேள் என்றேன்.

"மொதத் தடவ நீங்க குடுத்த பொட்டலத்த நான் பிரிச்சுப் பாத்துட்டேனுங்க. பிரிக்கக்கூடாதுதான், மனசு கேக்கல. அதுலயும் செவப்புத்தான் இருந்துச்சு."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"நான் யாருகிட்டயும் மூச்சு விடலீங்க. இவரு சுட்டுட்டு வந்தார்னா அன்னைக்குப் பூராத் தூங்கமாட்டாரு. பட்டாளத்துல பாத்ததெல்லாம் சொல்லிச் சொல்லி அழுவாரு. வாசல்ல நின்னு ஊர்க்காரிகளப் பேர் சொல்லிக் கூப்பிடறப்ப ஒருத்தி மொகத்தையும் என்னால பாக்க முடியாது. அக்காவுக்கு அந்த உசுருக மேல பாவம், நம்ம மேலயும் பாவம், அதுதான் துணிஞ்சு இந்தக் காரியத்தப் பண்ணியிருக்காங்கன்னு நெனச்சேன். உங்களக் கும்பிடோணும்போல இருந்துச்சு. அப்பறம் அவருக்குக் கால் போச்சு. அப்பக்கூட நான் உங்கமேல வருத்தப்படல."

சுவர்மேல் இருந்த போசியை எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டாந்தடவ பொட்டலத்த யாருகிட்டயும் குடுக்காம நீங்களே கெணத்துக்குக் கொண்டுபோனப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்ப மட்டும் ஏனுங்க்கா ரெண்டும் வெள்ளையாச்சு?"

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

கார்த்திகை 4

கடலை பிடுங்கி முடிந்தது. இனிக் காட்டில் பன்றி தின்ன ஒன்றும் இல்லை.

இவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார். வாந்தி எடுத்தவர்தான். அதற்கப்புறம் இரண்டு பன்றியைச் சாய்த்துவிட்டார். தெருவில் போனால் எழுந்து நிற்கிறார்கள், டீக்கடையில் பெஞ்சைத் துடைத்துவிடுகிறார்கள். மீசையை முறுக்கப் பழகியிருக்கிறார். கறியும் தின்கிறார்.

அறுவடைதான் முடிந்துபோயிற்றே, இன்னும் எதற்கு என்று கேட்டேன்.

"பெருகிப்போச்சு புள்ள. கொறைக்கோணும்" என்றார்.

கார்த்திகை 9

உடுமலை மில் முதலாளி இவரைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். வந்ததிலிருந்து அந்தச் சுவரைப்பற்றியே பேச்சு. சிறுத்தைத் தோலாம், கண்ணாடிக் கண் வைத்த கடமான் தலையாம், கொம்பு இவ்வளவு நீளமாம். கையை விரித்துக் காட்டினார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு முதலாளியும் நாலு பெரிய மனுஷர்களும் ஜீப்பில் வருகிறார்கள். மலைக்கு இவர்தான் வழி காட்டப்போகிறார். கடமான் வேட்டை.

"கடமான் நம்ம கடலையத் தின்னுச்சா?"

"அம்மன்தான் உத்தரவு குடுத்திருச்சே. நம்ம ஆசாரத்துலயும் ஒரு கொம்பு இருந்தா நல்லாத்தானே இருக்கும்" என்றார்.

இவர் இப்படி இருந்ததில்லை. சுவரின் நடுவில் ஒரு இடத்தை இப்போதே பார்த்து வைத்துவிட்டார்.

கார்த்திகை 13

மயிலாத்தாள் வந்தாள். கூட்டத்தில் போய்ச் சொல்லுங்கள், பொட்டலத்தில் இருந்தது என்ன என்று நீங்கள் சொன்னால்தான் மாமா நிற்பார், அம்மன் வாக்கில்லாமல் பெரியதனக்காரர் யாரையும் மலையேற விடமாட்டார் என்றாள். நியாயமான பேச்சுத்தான்.

"என்னை ஊரு நடுவுல நிக்க வெக்கப் பாக்கறயா?" என்று கேட்டேன்.

"மாமா மொகத்தப் பாத்தீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

பார்க்காமலா இருக்கிறேன். ஒரே வீட்டில் இருக்கிறவள் நான். அவளுக்கு என் புருஷன் முகத்தைப்பற்றி என்ன கவலை என்று கத்தி அனுப்பிவிட்டேன். கத்தின பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இவரைப் பழைய மாதிரி எனக்கு வேண்டும். ஆனால் ஊர் நடுவில் போய் நிற்க என்னால் முடியாது.

கார்த்திகை 17

வெள்ளிக்கிழமைப் பூசை. ஊரே கோவிலில் இருந்தது. தீபாராதனை முடிந்ததும் மயிலாத்தாள் முன்னால் வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ரெண்டாந்தடவ பூக் கேட்டப்ப ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் இருந்துச்சு. அக்கா கட்டி வெச்சத நான்தான் மாத்திப்போட்டேன். என்ற ஊட்டுக்காரரக் குத்துன ஆத்திரத்துல பண்ணிப்போட்டேன். அம்மன் உத்தரவு குடுக்கல. அந்த மலைல ஒருத்தரும் ஏறக்கூடாதுங்க."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அம்மனையே ஏமாற்றியவள் என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். பெரியதனக்காரர் துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்லி, கோவில் அறையில் வைத்துப் பூட்டினார். அவளுக்குத் தண்டனை, மாதம் முடியும்வரை விடியற்காலையில் ஈரச்சேலையோடு கோவிலைச் சுற்றி வரவேண்டும்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

கார்த்திகை 19

ஜீப் வந்தது. பெரியதனக்காரர் ஊர் எல்லையிலேயே நிறுத்திப் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார். இவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இடிந்துபோய் மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருந்தார். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். திரும்பி வரும்போது, "ஒரு வகையில நல்லதுதான் புள்ள" என்றார். மீசை தானாகவே கீழே இறங்கியிருந்தது.

கார்த்திகை 22

விடியலில் போய்ப் பார்த்தேன். பனி கொட்டுகிறது. மயிலாத்தாள் ஈரச்சேலையோடு சுற்றி வருகிறாள், உதடு நீலம் பாரித்திருக்கிறது. முதல் நாள் திட்டினவர்கள் எல்லாம் இப்போது ஓரமாக வந்து நிற்கிறார்கள். சரசாள் சுக்குக் காப்பி கொண்டுவந்திருந்தாள். பொய் சொன்னவள்தான், ஆனாலும் அம்மன் முன்னால் ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்குத் தைரியம் வரும் என்றாள். பெரியதனக்காரர் சம்சாரம் கம்பளி கொண்டுவந்திருந்தாள்.

எனக்கு வயிறு எரிகிறது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அது என்னுடைய குற்றம். அதற்கு விழுந்த தண்டனையும் என்னுடையது. அந்தக் குளிர்கூட எனக்கு வரவேண்டியது. அதையும் அவளே எடுத்துக்கொண்டாள். எதையும் எனக்கு மிச்சம் வைக்கமாட்டாளா?

கார்த்திகை 24

சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, விடியற்காலைப் பூசைக்கே ஊர் முழுக்கக் கோவிலில் இருந்தது. மயிலாத்தாள் மூன்றாவது சுற்றில் தடுமாறி விழப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் என்னை அறியாமல் நடுவில் போய் நின்றுவிட்டேன். அவள் எதையும் மாற்றவில்லை, பொட்டலம் கட்டியது நான், முதல் தடவை இரண்டும் சிவப்பு, இரண்டாம் தடவை இரண்டும் வெள்ளை, செய்தது நான், பொறாமையில் செய்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, மண்ணை வாரித் தூற்றட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒருவரும் தூற்றவில்லை. பெரியதனக்காரர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்துக்கங்க எல்லாரும். ஓரகத்தி நோகறது பொறுக்காம, அவ பாவத்தத் தன் தலைல ஏத்திக்கறா. மூத்தவன்னா இப்படி இருக்கோணும். கறியே தொடாம விரதம் இருக்கறவ பொறாமப்பட்டுப் பூவ மாத்தினாளாம், நாம நம்போணுமாம்."

சரசாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு பெரிய மனசு என்று சுற்றிலும் கேட்டது. என் முகத்துக்காக மயிலாத்தாள் தண்டனையை இன்றோடு முடித்துக்கொள்ளலாம் என்று பெரியதனக்காரர் சொல்லிவிட்டார். இவர் கூட்டத்தில் நின்று என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

இல்லை, நான் சொன்னதுதான் நிஜம் என்று மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன். மயிலாத்தாள் ஈரச்சேலையோடு நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் எனக்காக எல்லாரும் இப்படித் திரும்பிப் பார்த்ததே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்று தோன்றியது.

நான் பேசவில்லை.